மண்ணில்லாமல் வளரும் ஆரிகனோ

துளசி, புதினா, ஓமவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி ஆரிகனோ. மத்தியதரைக் கடல் நாடுகளின் வறண்ட மலைச் சரிவுகளே இதன் தாயகம். பீட்சாவின் மேல் தூவும் இலைத்தூள் இதுதான். 'மண்ணே வேண்டாம், தண்ணீரில் வளர்த்துப் பணம் சேர்க்கலாம்' என்று சொல்லி, குழாய், மோட்டார், நிழற்கூடம் எனப் பெருந்தொகைக்குச் சாதனங்களை விற்பவர்கள் உண்டு. கடன் வாங்கி இதில் இறங்குமுன் ஒரே ஒரு வாளியில் வளர்த்துப் பார்ப்பது சிறு விவசாயிக்கு நல்லது. இதற்கு மோட்டாரும் மின்சாரமும் தேவையில்லை.

மண்ணில்லாச் சாகுபடி புதியதல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் 1929-ல் உரக் கரைசலில் பயிர் வளர்ப்பதைப் பரவலாக அறியச் செய்தார். நம் நாட்டில் 1946-ல் காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் எளிய செலவில் உருவாக்கியது 'வங்காள முறை' எனப் பெயர் பெற்றது. மோட்டார் இல்லாத வாளி முறையைச் செம்மைப்படுத்தியவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி.

வாளி தயாரித்தல்

மூடியுள்ள 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி போதும். வெளிச்சம் உள்ளே புகுந்தால் பாசி பிடிக்கும். எனவே வெளிப்புறம் கறுப்பு வர்ணம் பூசி, அதன்மேல் வெள்ளை பூச வேண்டும். கறுப்பாகவே விட்டால் வெயிலில் தண்ணீர் சூடேறி வேர் அழுகும். மூடியில் துளையிட்டு, அடியிலும் பக்கத்திலும் ஓட்டைகள் போட்ட சிறு பிளாஸ்டிக் தம்ளரை அதில் பொருத்த வேண்டும். தம்ளரில் நன்கு கழுவிய தென்னை நார்க்கழிவை நிரப்பலாம். கொசு நுழையும் இடைவெளிகளைத் துணியால் அடைப்பது அவசியம். தேங்கிய நீரில் டெங்குக் கொசு வளரும்.

கரைசல்

உப்புக் கரிக்கும் கிணற்று நீர் ஆகாது, மழைநீர் சிறந்தது. சொட்டுநீர்ப் பாசனத்திற்கு விற்கும், நீரில் கரையும் உரங்களே இதற்கும் ஏற்றவை. முதல் பாட்டிலில் ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைக்க வேண்டும். இரண்டாவது பாட்டிலில் ஒரு லிட்டர் நீருக்குப் பொட்டாசியம் நைட்ரேட் 25 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 10 கிராம், மக்னீசியம் சல்பேட் 25 கிராம், இரும்புச் சீலேட் 2 கிராம், சிறிது நுண்ணூட்டக் கலவை ஆகியவற்றைக் கரைக்க வேண்டும். வாளி நீரில் ஒவ்வொன்றிலிருந்தும் 100 மில்லி ஊற்றிக் கலக்கினால் கரைசல் தயார். இரண்டையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் சத்துகள் வண்டலாகப் படிந்து வீணாகும்.

உரம் அதிகமானால் இலை செழிக்கும்; ஆனால் மணம் குறையும். வறண்ட நிலத்துச் செடியாகிய ஆரிகனோவுக்கு இந்த மென்மையான கரைசலே போதும்.

நடவும் பராமரிப்பும்

விதை மிகச் சிறியது. மண் மூடாமல் மேலாகத் தூவினால் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளைக்கும். பூவாத இளந்தண்டை நான்கு அங்குல நீளத்தில் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி நட்டாலும் வேர் பிடிக்கும். கரைசல் தம்ளரின் அடியைத் தொடுமாறு நிற்க வேண்டும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கி, நடுவே காற்றிடம் உண்டாகும். மேல் வேர்கள் அங்கே சுவாசிக்கும். மீண்டும் விளிம்புவரை ஊற்றினால் அவ்வேர்கள் மூச்சுத் திணறும். எனவே பாதி வாளிக்கு மேல் ஊற்றக் கூடாது. மாதம் ஒருமுறை பழைய கரைசலைத் தென்னை அல்லது வாழைக்கு ஊற்றிவிட்டு, புதியதைப் பாதி வாளியளவு விடலாம்.

காலை வெயில் அவசியம். சமவெளியின் கோடையில் நண்பகலுக்கு மேல் நிழல் வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த பகுதிகளில் செடி எளிதாக வளரும். அசுவினி தென்பட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அகலும். உண்ணும் இலையாதலால் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது.

அறுவடையும் விற்பனையும்

செடி ஆறு அங்குலம் வளர்ந்ததும் நுனியை மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் பக்கக் கிளைகள் விடும். பூக்கத் தொடங்கும் சமயத்தில் மணம் மிகுதி. இலையை நிழலில் உலர்த்த வேண்டும். பச்சை இலையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே நான்கைந்து கிலோ பச்சை இலை உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். சாதனம் விற்பவர் சொல்லும் கணக்கு பச்சை எடையா, உலர் எடையா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரு வாளிச் செடி ஒரு கோடையைத் தாக்குப்பிடித்த பிறகு, அருகிலுள்ள உணவு விடுதியிலோ கடையிலோ வாங்குவார்களா, என்ன விலை தருவார்கள் என விசாரித்துக்கொண்டு வாளிகளைப் பெருக்கலாம். வாங்குபவர் இல்லையெனில் வீட்டுச் சமையலுக்கு ஒரு வாளி போதும். நஷ்டமும் ஒரு வாளியோடு நின்றுவிடும்.