வயல்வெளியில் ஆலாப் பட்சி

சம்பா, தாளடி நடவுக்காக வயலில் நீர் கட்டிச் சேற்றுழவு செய்யுங் காலத்தில், வெண்ணிறப் பட்சிகள் சில கூட்டமாய் வந்து நீரின்மேல் தாழப் பறந்து திரிவதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். இவற்றுக்கு ஆலா என்று பெயர். இவை நாற்றங்காலில் தெளித்த விதையைப் பொறுக்க வருகின்றன என்றெண்ணிச் சிலர் கல்லெறிந்து விரட்டுகின்றனர். வலை கட்டிப் பிடிப்பாரும் உளர். ஆலா தானியம் தின்னும் ஜாதியன்று. அதன் உருவத்தையும் பழக்கத்தையும் அறிந்தால் இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

உருவம்: ஆலாக்களில் பல வகையுண்டு. நம் நெல்வயல்களில் மிகுதியாய்க் காணப்படுவது மீசை ஆலா. இதன் நீளம் ஏறக்குறைய 10 அங்குலம். விரித்த சிறகுகளின் அகலம் சுமார் 26 அங்குலம். எடை 100 கிராமுக்கு உட்பட்டதே. முதுகும் சிறகும் வெளிர்சாம்பல் நிறம், வால் சிறிதே பிளவுபட்டது, கால்கள் குட்டையானவை. ஐப்பசி, கார்த்திகையில் வயிறு வெண்மையாகவும், அலகு கருமையாகவும், கண்ணுக்குப் பின்னே கருந்தீற்றல் ஒன்றுடனும் இருக்கும். சித்திரை நெருங்குகையில் உச்சந்தலை முழுதும் கறுத்து, வயிறு கருஞ்சாம்பலாகி, அலகு சிவக்கும். அப்பொழுது கரிய தலைக்கும் கரிய வயிற்றுக்கும் இடையே கன்னத்தில் தோன்றும் வெண்பட்டையே மீசை எனப்படுகிறது. ஆற்று ஆலா இதனினும் பெரியது. அதன் அலகு மஞ்சள் நிறம், வால் ஆழப் பிளந்தது.

பழக்கம்: கொக்கைப் போல் ஆலா வயலில் நடந்து இரை தேடுவதில்லை. தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்தபடி நீருக்குச் சில முழ உயரத்தில் பறந்து, இரை கண்டவிடத்துத் தாழ்ந்து அலகினாற் கவ்வி மேலெழும். கடலோர ஆலாக்கள் பலவும் நீருள் பாய்ந்து மீன் பிடிப்பன. மீசை ஆலா பெரும்பாலும் நீர்ப்பரப்பையே தொட்டு எடுக்கும். வெட்டுக்கிளி, வண்டு, தட்டாரப்பூச்சி, நீர்ப்பூச்சி, தலைப்பிரட்டை, சிறு தவளை, சிறு நண்டு, சிறு மீன் ஆகியவையே இதன் ஆகாரம். இவற்றுள் தட்டாரப்பூச்சியும் தவளையும் நமக்கு நன்மை செய்வனவாயினும், பயிரைக் கடிக்கும் வெட்டுக்கிளியையும் வரப்பைத் துளைக்கும் நண்டினத்தையும் இது கூலியின்றிக் குறைக்கிறது.

இது நம்மிடம் விருந்தாளி. ஏறக்குறைய புரட்டாசியில் வந்து சித்திரையில் திரும்பும். காஷ்மீர ஏரிகளிலும் கங்கைச் சமவெளியின் சதுப்புகளிலும் மழைக்காலத்தில், மிதக்கும் நீர்ப்பூண்டுகளின்மேல் கூடு வைத்து 2 அல்லது 3 முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

வகுப்பு: உப்புக்கொத்தி, உள்ளான் முதலியன அடங்கிய வரிசையில் ஆலா சேர்ந்தது. முன்னாளில் ஆலாக்களைத் தனிக் குடும்பமாக வகுத்தோர் பலர். இந்நாளில் கடற்காகத்தின் குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். பல்லாஸ் என்னும் பண்டிதர் 1811-ல் இதற்குப் பெயரிட்டார். இன்று வழங்கும் சாஸ்திரப் பெயர் கிளிடோனியாஸ் ஹைப்ரிடா. இதன் முற்பகுதி தகைவிலான் குருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. பறக்கும் விதத்தைக் கண்டோர்க்கு இதன் பொருத்தம் புலப்படும்.

குடியானவர் கவனிக்க வேண்டியவை:

1. நாற்றங்காலில் விதை குறையுமாயின், எலி, மைனா, புறா, சிட்டு இவற்றையே முதலிற் கவனிக்க. ஆலாவின்மேல் பழி சுமத்தல் ஆகாது.

2. பூச்சி மருந்தைத் தேவையறிந்து, உரிய அளவிலேயே தெளிக்க. நஞ்சுண்ட பூச்சியை விழுங்கும் பட்சிக்கும் அந்நஞ்சு கேடு செய்யும். பூச்சியைத் தின்பன குறைந்தால் பூச்சி பெருகும். மறுபடியும் மருந்துச் செலவே மிஞ்சும்.

3. மீன்குஞ்சு வளர்க்குங் குட்டைகளில் மட்டும் இதனால் சிறிது நஷ்டம் நேரலாம். அங்கே நீர்ப்பரப்பின் மேல் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாய் இழுத்துக் கட்டினால், பட்சி தாழ்ந்து வர அஞ்சும்.

4. காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாம்.

நடவு முடிந்த வயலின்மேல் ஆலாக்கள் வட்டமிடும்பொழுது, கல்லைத் தேடாது சற்று நேரம் வரப்பில் நின்று பார்க்க. அவை கவ்வி எழுவது இன்னதென்று கண்ணாற் கண்ட குடியானவர் பின்னர் அவற்றை விரட்ட மனங்கொள்ளார்.