பள்ளிக் கதவு மூடும்போது பாடம் நிற்கலாமா?

வேளாண்மைத் துறையில் பணியாற்றும் அன்பர்களுக்கு ‘வைட்டிலா’ என்னும் பெயர் புதியதன்று. கொச்சி மாநகரைச் சேர்ந்த அவ்வூரில் கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. உவர் நீரைத் தாங்கி வளரும் பொக்காளி நெல்லில் அந்நிலையம் உருவாக்கிய இரகங்கள் ‘வைட்டிலா-1’, ‘வைட்டிலா-2’ என ஊரின் பெயராலேயே வழங்குகின்றன. பொக்காளிச் சாகுபடியில் ஒரு வழக்கம் உண்டு. கோடையிலேயே வயலில் மண்ணைக் குவித்து மேடுகள் அமைப்பார்கள். ஜூன் மாத மழை அம்மேடுகளிலுள்ள உப்பைக் கழுவிச் செல்லும். அதன் பிறகே முளை கட்டிய விதையை மேட்டின் மீது விதைப்பர். விதை எவ்வளவு உயர்ந்ததாயினும், மேடு முன்னதாக அமையாவிடில் பயிர் இல்லை.

அதே ஜூன் மாதத்தில்தான் கேரளப் பள்ளிகளும் புதிய ஆண்டைத் தொடங்குகின்றன. 2020ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று அவற்றின் கதவுகள் திறக்கவில்லை. ஆயினும் பாடம் தொடங்கிற்று. வீட்டிலிருக்கும் மாணவனுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி பாடத்தைக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு, அதற்கு எதை முன்னதாகச் செய்து வைக்க வேண்டும் என்பவற்றை அந்த அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்தது என்ன?

இந்தியாவில் கோவிட்-19 நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது கேரளத்தில்தான். அது 2020 ஜனவரி 30ஆம் நாள். மார்ச் 10ஆம் தேதி அம்மாநில அரசு பள்ளி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு முதலியன மட்டும் நடந்து வந்தன. அவையும் இடையில் நின்று, எஞ்சிய தேர்வுகள் மே மாத இறுதியில் நடத்தப்பெற்றன. அடுத்த ஆண்டின் பாடங்களை எவ்வாறு தொடங்குவது என்னும் வினா எழுந்தபோது, அம்மாநிலத்திற்கு ஒரு சாதகமான நிலைமை இருந்தது. ‘விக்டேர்ஸ்’ என்னும் கல்வித் தொலைக்காட்சி அங்கு 15 ஆண்டுகளாக நடந்து வந்தது. ‘எடுசாட்’ என்னும் கல்வித் துணைக்கோள் 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் பயனாக, 2005 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் விக்டேர்ஸ் ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். துணைக்கோள் 2010இல் ஓய்வு பெற்ற பின்னும் ஒளிபரப்பு வேறு வழிகளில் தொடர்ந்தது. அந்த அமைப்பின் மூலமாகவே ‘ஃபர்ஸ்ட் பெல்’, அதாவது ‘முதல் மணி’ என்னும் பெயரில் வகுப்புகள் ஒளிபரப்பாயின. ஒரு பாடத்திற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் என்ற கணக்கில் ஒவ்வொரு வகுப்புக்கும் கால அட்டவணை வகுக்கப்பட்டது.

தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

கைபேசியும் இணையமும் இருக்கையில் தொலைக்காட்சியை நாடியது பழமைப் பற்றினால் அன்று. ஒளிபரப்பில் ஒரு முறை அனுப்பிய அலையை ஆயிரம் வீடுகள் ஏற்றாலும் பத்து லட்சம் வீடுகள் ஏற்றாலும் அனுப்புவோர்க்குச் சுமை கூடுவதில்லை. இணைய வழியில் அவ்வாறன்று. ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனி ஓடை செல்ல வேண்டும். ஒரே கோபுரத்தைப் பல கைபேசிகள் ஒருங்கே நாடும்போது ஒவ்வொன்றிற்கும் கிடைக்கும் பங்கு குறையும். மேலும், அரை மணி நேரப் பாடத்தைக் கைபேசியில் காண்பதற்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் தரவு செலவாகக்கூடும். நாள்தோறும் மூன்று பாடங்கள், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று கணக்கிட்டால், தினக் கூலி பெறும் குடும்பத்திற்கு அது சிறிய செலவன்று.

ஆனால் ஒளிபரப்பிற்கு ஒரு பெருங்குறை உண்டு. அது பேசும், கேட்காது. மாணவன் புரிந்துகொண்டானா, உறங்கிவிட்டானா, பெட்டியின் முன் இருந்தானா என்பதை அது அறிய இயலாது. இந்தக் குறையை நிரப்பும் கடமை அந்தந்தப் பள்ளியையே சாரும்.

இது புதிய உண்மையன்று. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இளம்பிள்ளை வாத நோய் பரவியமையால், பள்ளிகள் திறப்பது சுமார் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலி நிலையங்கள் வாயிலாகக் கால் மணி நேரப் பாடங்கள் நடத்தப்பட்டன. அன்றைய பாட நேரமும் வினாக்களும் காலைச் செய்தித்தாள்களில் அச்சாயின. பெற்றோரின் ஐயங்களுக்கு விடை கூற ஆசிரியர்கள் தொலைபேசியின் அருகில் அமர்த்தப்பட்டனர். வானொலி, அச்சுத்தாள், தொலைபேசி ஆகிய மூன்றையும் அன்றே இணைத்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அப்போதும், வானொலிப் பெட்டி இல்லாத வீடுகளும் ஒலி சரியாக எட்டாத வீடுகளும் பின்தங்கவே செய்தன.

எட்டாத வீடுகள்

கேரளத்திலும் அந்த இடர்ப்பாடு தலைகாட்டிற்று. தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர் சுமார் 2.6 லட்சம் பேர் என்று அம்மாநிலத்தின் ‘சமக்ர சிக்ஷா’ அமைப்பு எடுத்த கணக்கில் தெரிய வந்தது. மாநிலத்தின் மொத்த மாணவர் நாற்பது லட்சத்திற்கு மேற்பட்டோர். எனவே, நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு அல்லது மூன்று பேர் என்று கொள்ளலாம். எண்ணிக்கை சிறியதாகத் தோன்றும். ஆனால் அந்த இருவர் மூவர் எவர்? கூரை ஒழுகும் வீட்டுப் பிள்ளை; வேலை தேடி வந்தவரின் பிள்ளை; மலைவாழ் மக்களின் பிள்ளை. பள்ளி திறந்திருந்தபோது மற்றவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்திருந்த இவர்கள், பள்ளி மூடியவுடன் முதலில் விடுபடுகிறார்கள். வகுப்பறை என்பது கற்பிக்கும் இடம் மட்டுமன்று. வீட்டு நிலையின் ஏற்றத்தாழ்வைச் சில மணி நேரமாவது மறைக்கும் இடமும் ஆகும் என்பதை அம்மாதங்கள் நமக்கு உணர்த்தின.

இக்குறையைப் போக்க நூலகங்கள், ஊர்ப் பொது இடங்கள் முதலியவற்றில் அக்கம்பக்கப் படிப்பு மையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றிற்கான தொலைக்காட்சிப் பெட்டியின் விலையில் 75 சதவீதத்தை அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. ஏற்க முன்வந்தது. பள்ளி மூடியதால் நின்றுபோன மதிய உணவிற்கு ஈடாக, எட்டாம் வகுப்பு வரையிலுள்ள மாணவர்களுக்கு உணவுப் பொருள் பைகள் வழங்கப்பட்டன. பசித்த பிள்ளைக்குப் பாடம் எட்டாது என்பதை எவரும் மறக்கலாகாது.

ஓர் உயர்நிலைப் பள்ளி செய்யத்தக்கவை

இனி, வைட்டிலா போன்ற ஓர் இடத்திலுள்ள உயர்நிலைப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருபுறம் பெரிய பேருந்து நிலையமும் மெட்ரோ ரயிலும். மறுபுறம் நீர் சூழ்ந்த தாழ்நிலம். அடுக்கு மாடிக் குடியிருப்பில் வாழும் மாணவனும், கட்டட வேலை செய்பவரின் மகளும் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். நோய் பரவும் செய்தி வருவதற்கு முன்பாகவே இப்பள்ளி செய்து வைக்கத்தக்க வேலைகள் சில உள்ளன.

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு சிறு அட்டை வேண்டும். அதில் நான்கு வினாக்கள் போதும். வீட்டில் இயங்கும் தொலைக்காட்சி உண்டா? கைபேசி எவருடையது, எந்நேரத்தில் அது வீட்டில் இருக்கும்? அமர்ந்து படிக்க இடம் உண்டா? பாடத்தில் உதவக்கூடியவர் எவர், அவர் எம்மொழி அறிந்தவர்? இரண்டாவது வினாவைச் சரியாகக் கேட்பது முக்கியம். ‘கைபேசி உண்டு’ என்று எழுதிவிட்டு ஓய்ந்தால், அது காலையில் தந்தையோடு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவது தெரியாமலே போய்விடும்.

இரண்டாவது, பிரிவு வகுத்தல். அட்டைகளைக் கொண்டு மாணவர்களை மூன்று பிரிவாகக் கொள்ளலாம்: பகலில் பாடம் காண இயல்வோர், மாலையில் மட்டும் இயல்வோர், எவ்வழியும் இல்லாதோர். மூன்றாம் பிரிவினரின் பெயர்ப் பட்டியல் தலைமை ஆசிரியரின் மேசை மீது எப்போதும் இருக்க வேண்டும். ஏற்பாடுகள் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, மறுமொழி பெறும் ஏற்பாடு. ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்; ஒருவருக்கு ஐந்து நிமிடம் பேசினால் மொத்தம் 200 நிமிடம். ஐந்து நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 40 நிமிடம். அதாவது ஒரு பாட வேளை. வகுப்பாசிரியர் வாரம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையோடும் பேசுவது இயலாத காரியமன்று. ‘பாடம் பார்த்தாயா?’ என்று கேட்பதால் பயனில்லை. எவரும் ‘ஆம்’ என்றே சொல்வர். பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்து, அதை எப்படிச் செய்தான் என்று சொல்லக் கேட்பதே முறை.

நான்காவது, பெட்டி இல்லாமலே நடத்தக்கூடிய பாடம். விஞ்ஞான ஆசிரியர்கள் இதில் முன்னோடியாக விளங்கலாம். எடுத்துக்காட்டாக, அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து குறிக்கச் செய்யலாம். அதுவே அன்றைய மழை அளவு. ஜூன் மாதக் கொச்சியில் இச்சோதனைக்குப் பொருட்பஞ்சம் ஏற்படாது! ஒரு மாத அளவைக் கட்டத்தாளில் வரைபடமாக்கினால் அளவீடு, சராசரி, வரைபடம் ஆகிய மூன்று பாடங்களும் கைகூடும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இதைச் சமமாகச் செய்யலாம்.

ஐந்தாவது, மொழி. கொச்சித் துறைமுகத்தை அடுத்த வாத்துருத்தி முதலிய இடங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறிய தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். வடமாநிலத்தவரும் மிகுதி. பள்ளியில் மலையாளத்தில் பயிலும் அப்பிள்ளைகளுக்கு, வீட்டில் ஐயம் தீர்ப்பார் இல்லை. எர்ணாகுளம் மாவட்ட நிருவாகம் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம், குடிபெயர்ந்தோர் பிள்ளைகளுக்கு அவர்தம் தாய்மொழியின் துணையோடு மலையாளம் கற்பிக்க முனைந்தது. இத்தகைய துணையாளர் எவரெவர் என்பதைப் பள்ளி முன்னதாகவே அறிந்து வைத்தல் நலம்.

இழந்ததும் மீட்டதும்

இவ்வளவு செய்தாலும் தொலைவழிப் பாடம் பள்ளிக்கு ஈடாகுமா? ஆகாது என்பதே ஆராய்ச்சிகள் தரும் விடை. 2021 ஜனவரியில் அசீம் பிரேம்ஜி பல்கலைக் கழகத்தினர் ஐந்து மாநிலங்களில் 16,067 தொடக்கப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்தனர். முந்திய ஆண்டில் பெற்றிருந்த மொழித் திறன்களில் ஒன்றையேனும் 92 சதவீதத்தினர் இழந்திருந்தனர்.

எனினும் இழந்ததை மீட்க இயலும் என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், தன்னார்வலர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளை மாலையில் சிறு குழுக்களாகக் கூட்டிக் கற்பித்தனர். சுமார் 19,000 கிராமக் குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும், அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்ததையும் கண்டனர். இத்திட்டத்தில் பயன்பட்ட கருவி விலையுயர்ந்த சாதனம் எதுவுமன்று. பிள்ளையின் அருகில் அமர்ந்த ஒரு மனிதரே ஆவார்.

மீண்டும் வரும் என்று எண்ணி

கேரளத்தில் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதியன்று மாணவர்களுக்காக மீண்டும் திறக்கலாயின. அத்தோடு இவ்விஷயம் முடிந்துவிட்டதாகக் கருதுதல் தவறு. 2018இல் நிபா நோயால் கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகள் துன்புற்றன. 2019இல் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே ஒருவர் அந்நோய்க்கு ஆளாகிக் குணமடைந்தார். 2023 செப்டம்பரில் நிபா மீண்டும் தோன்றியபோது கோழிக்கோடு மாவட்டப் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் இணைய வழியில் நடந்தன. நோய் எப்போது வரும் என்று எவராலும் கூற இயலாது. வந்தால் எந்த மாணவன் விடுபடுவான் என்று ஒவ்வோர் ஆசிரியராலும் இன்றே கூற இயலும்.

கிராமங்களிலும் நகரங்களிலும் பணியாற்றும் ஊழியர்கள் இதில் ஆசிரியர்களுக்குப் பெருந்துணையாகலாம். சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் செல்கிறார். வேளாண்மைப் பணியாளர் வயல் வயலாகச் செல்கிறார். எந்த வீட்டில் மின்சாரம் இல்லை, எந்த நூலகத்தின் சாவி எவரிடம் இருக்கிறது என்பனவற்றை அவர்கள் அறிவர். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, அவர்களும் ஆசிரியர்களும் ஒன்றுகூடி அந்த அட்டைகளைச் சரிபார்த்தால் போதும்.

நல்ல பாடம் நல்ல விதையைப் போன்றது. அதை உருவாக்க ஆராய்ச்சி நிலையங்களும் ஒளிபரப்பு நிலையங்களும் இருக்கின்றன. அது முளைப்பதற்கான மேட்டை, மழை வருமுன் அமைத்து வைக்கும் வேலை நம்முடையது.