மொட்டை வெயிலில் ஒழுகும் கூரை! கல்யாண மண்டபங்களில் "மர்மத் தண்ணீர்"
குற்றவாளி தொட்டி அல்ல; ஏ.சி. குழாயின் கிழிந்த போர்வை

கடலூர்–

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் கல்யாண மண்டபத்துக்குள் மட்டும் மழை! பந்தியில் உட்கார்ந்தவர் இலையில் "டொக்" என்று ஒரு சொட்டு. ரசமா என்று பார்த்தால், மேலே இருந்து வருகிறது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஏ.சி. போட்ட மண்டபம், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, மாடி வீடு என்று எங்கேயும் நடக்கிற கூத்துதான் இது. முதல் சந்தேகம் மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் விழும். கொத்தனார் வந்து தளத்தைப் பூசுவார். பூசிய பிறகும் சொட்டும். அடுத்து மெக்கானிக் வருவார். "கேஸ் கம்மியா இருக்குண்ணே, ரொப்பிடலாம்" என்பார். சில சமயம் அது நிஜமாகவும் இருக்கும். பல சமயம் ரொப்பிய பிறகும் சொட்டும். பணம் போனதுதான் மிச்சம்!

காற்றில் முக்கால் லிட்டர்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்துதான்.

கடலூருக்குக் கிழக்கே வங்கக்கடல். ஊருக்குள் கெடிலம். சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே பிச்சாவரம் உப்பங்கழி. சட்டை காயாத ஊர்கள். வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. அந்த ஒரு அறைக் காற்றில் மட்டும் சுமார் முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக மிதக்கிறது!

இந்தக் காற்று 28 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும். கோலி சோடா பாட்டில் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். மண்டபத்துக் கூரைக்கும் பால்ஸ் சீலிங்குக்கும் நடுவே ஓடும் தகர டக்டில் 13, 14 டிகிரிக் குளிர்காற்று போகிறது. வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யின் தாமிரக் குழாய் அதைவிடச் சில்லிட்டுக் கிடக்கும். வியர்க்காமல் என்ன செய்யும்?

பூட்டு இல்லாத வீடு

அதற்காகத்தான் கண்ணாடிப் பஞ்சு, ரப்பர் நுரை என்று டக்டுக்குப் போர்வை போடுகிறார்கள். குளிர்நாடுகளில் இதே மாதிரி டக்டில் சூடான காற்று போகும். அங்கே சூடு வெளியே ஓடாமல் இருந்தால் போதும். இங்கே அப்படி இல்லை. வெளியே இருக்கிற ஈரக்காற்று உள்ளே நுழையக் கூடாது. போர்வை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மேலே சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு கிழிசல் இருந்தால் வீட்டுக்குப் பூட்டு இல்லாத கதைதான்.

அந்தக் கிழிசல் வழியாக ஈரக்காற்று திருடன் மாதிரி நுழையும். குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகும். பஞ்சு அதைக் குடிக்கும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நனைந்த பஞ்சு போர்வையே அல்ல. அதன் மேல்பக்கமும் குளிர்ந்து இன்னும் வியர்க்கும். பிறகு கறுப்புப் பூஞ்சை. உப்புக்காற்றோடு சேர்ந்து தகரமும் துருப்பிடிக்கும். கரண்டு பில்லும் ஏறும்.

ஏ.சி. என்பதே ஈரத்தோடு நடந்த சண்டையில் பிறந்ததுதான். 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது மனிதர்களுக்குக் குளுகுளு கொடுக்க அல்ல. புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தில் உப்பி, வண்ண அச்சு கோணலாகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத்தான். அதற்கும் முன்பே போஸ்டனிலிருந்து கப்பலில் சென்னைக்கு ஐஸ் வந்தது. 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அதற்காகத்தான். கப்பலில் ஐசுக்குப் போர்வை வெறும் மரத்தூள்!

9 மில்லி போதாது

வீட்டில் ஏ.சி. மாட்டும்போது ஆள் கொண்டுவரும் 9 மில்லிமீட்டர் நுரைக்குழாய் இந்தக் கடலோரப் புழுக்கத்தில் வியர்த்துவிடும். 19 மில்லி கேளுங்கள். குழாய் இரண்டு, உறையும் தனித்தனியாக இரண்டு வேண்டும். இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்தால் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வதை நம்பவேண்டாம். இணைப்பு இடங்களில் பசையும் டேப்பும் போட்டு மூடினார்களா என்று நின்று பாருங்கள். மொட்டை மாடியில் போகும் உறை வெயிலில் வெடிக்கும், அணில் கடிக்கும். அதற்கு மேல் இன்னொரு மூடு தேவை.

டக்டில் நனைந்த பஞ்சின் மேலேயே புதுத் தாளை ஒட்டுகிறவர்களும் உண்டு. ஈரத்தை உள்ளே வைத்துத் தைக்கிற வேலை அது! பழையதை உரித்து, தகரத்தைத் துடைத்துக் காயவிட்டுத்தான் புதிது சுற்றவேண்டும்.

ஷாக் அபாயம்

பால்ஸ் சீலிங்குக்கு மேலேதான் விளக்கு ஒயர்களும் ஓடுகின்றன. சொட்டுகிற தண்ணீர் ஒயர் இணைப்பில் விழுந்தால் இலையோடு போகிற விஷயம் அல்ல, உயிரோடு விளையாட்டு. நனைந்து கனத்த பலகை விழவும் செய்யும். சொட்டினால் முதலில் அந்தப் பக்கத்து மெயினை அணைக்கவேண்டும். கம்பை எடுத்துக் குத்திப் பார்ப்பது கூடாது.

ஏ.சி.யின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்; அதுதான் மலிவான வேலை. அது சரியாக இருந்தால் பிறகு போர்வையைத் தேடலாம். கிழிசல் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீர் டக்டின் அடியிலேயே ஓடி, பள்ளமான இடத்தில்தான் விழும். மணமேடையில் சொட்டினால் கிழிசல் பந்திக்கூடத்தின் பக்கமாகக்கூட இருக்கலாம்.