சலவைக்கல் வேடமிட்ட பீங்கான்

நீரில் தெரிந்த தன் உருவத்தின் மேலேயே காதல் கொண்டவன் கிரேக்கப் புராணத்து நார்சிசஸ். பாறைமேல் அமர்ந்து குனிந்து பார்க்கும் அந்த இளைஞனைச் சலவைக்கல்லில் வடித்தவர், ரோமில் வாழ்ந்த வேல்ஸ் நாட்டுச் சிற்பி ஜான் கிப்சன். 1846இல் அதே நார்சிசஸ், மேசைமேல் வைக்கும் அளவில், இங்கிலாந்தின் ஸ்டோக் நகரிலிருந்த கோப்லண்ட் அண்ட் காரெட் ஆலையிலிருந்து பீங்கான் பொம்மையாக வெளிவந்தான்.

இந்தப் பீங்கானுக்குப் 'பேரியன்' என்று பெயர். சலவைக்கல்லுக்குப் புகழ்பெற்ற பரோஸ் தீவின் நினைவாக வைத்தது. சாதாரணப் பீங்கானுக்கு மேலே கண்ணாடிப் பூச்சு உண்டு. அது பளபளக்கும், கண்ணிமை, நகம் போன்ற நுண்ணிய செதுக்கல்களையும் மழுக்கிவிடும். பேரியனில் அந்தப் பூச்சே கிடையாது. மாறாக, வெண்களிமண்ணோடு ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். சூளையில் அது உருகி, களிமண் துகள்களுக்கிடையே கண்ணாடியாகப் பரவும். அதனால்தான் மேற்பரப்பில் சலவைக்கல்லின் மெல்லிய மினுமினுப்பு.

பெரிய சிலையைச் சிறிதாக்குவது முதல் வேலை. நார்சிசஸைச் சிற்பி இ. பி. ஸ்டீஃபன்ஸ் சிறிதாக்கினார். வேறு பல சிலைகளுக்கு, பெஞ்சமின் செவர்ட்டன் 1844இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் கைகொடுத்தது. அதன் ஒரு முனை மூலச்சிலையைத் தடவிச் செல்ல, மறுமுனையில் சுழலும் வெட்டுக்கருவி அதே வளைவுகளைச் சிறிய அளவில் குடைந்தெடுக்கும்.

அடுத்தது வார்ப்பு. தலை, கை, உடல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டர் அச்சு. அதில் களிக்கூழை ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்ச, உட்சுவரில் ஓடு போல ஒரு படலம் கட்டும். மிச்சக் கூழைக் கொட்டிவிட்டு, ஓரளவு இறுகிய உறுப்புகளை அதே கூழால் ஒட்டி, ஒட்டுத் தடத்தை வழித்துச் சரிசெய்வார்கள்.

உண்மையான சோதனை சூளையில்தான். ஃபெல்ஸ்பார் உருகும்போது உருவமே இளகும்; நீட்டிய கை தொங்கிவிடும். எனவே கைக்கும் முகவாய்க்கும் அதே களியில் செய்த முட்டுகளைக் கொடுப்பார்கள். பொம்மை சுருங்கும்போது முட்டும் கூடவே சுருங்க வேண்டுமே!

நார்சிசஸைச் செய்யச் சொன்னது லண்டன் ஆர்ட் யூனியன். ஆண்டுக்கு ஒரு கினி சந்தா கட்டிய உறுப்பினர்களுக்குக் குலுக்கலில் கலைப்பொருள் தந்த சங்கம் அது. போட்டி ஆலையான மின்டனும் சளைக்கவில்லை. ஜெர்மானியச் சிற்பி டன்னெக்கர் வடித்த, சிறுத்தைமேல் சாய்ந்திருக்கும் கிரேக்கப் புராண நாயகி அரியாட்னியைப் பேரியனில் வார்த்தது. மூலச்சிலையைப் பார்க்க ஃபிராங்க்ஃபர்ட் போக வேண்டும். மின்டனின் அரியாட்னியை நடுத்தர வர்க்கத்தார் வரவேற்பறையிலேயே வைத்துக்கொண்டார்கள்.