பாத்திரத்தில் பெயர் வெட்டிய உளி: உழைத்த கைகளுக்கு ஒரு புதிய கலை

உங்கள் வீட்டில் பழைய பித்தளைக் குடமோ எவர்சில்வர் தூக்குச்சட்டியோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் கழுத்தில் பாட்டியின் பெயரோ கல்யாண நாளோ வெட்டப்பட்டிருக்கும். பாத்திரம் வாங்கியதும் "பேர் வெட்டிக் கொடுங்க" என்று கேட்பது நம் வழக்கம். கடைக்காரர் சிற்றுளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி எழுத்தை உருவாக்குவார். பிறகு அந்த இடத்தை மின்சாரப் பேனா பிடித்துக்கொண்டது.

உலோகத்தில் கையால் செதுக்கும் கலையை நமக்கு அறிமுகப்படுத்த அந்தக் குடமே போதும். இன்று அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கேள்வியே காரணம். "இருபது ஆண்டுகளாக லேத் பட்டறையில் இருக்கிறேன். செய்ததையே செய்து மனம் அலுத்துவிட்டது. இந்த வயதில் கலை கற்றுக்கொள்ள முடியுமா?" வெல்டிங், பிட்டர், பொற்கொல்லர் வேலை என்று கைத்தொழிலில் இருக்கும் நம்மவர்கள் பலரின் கேள்வியும் இதுதான்.

முடியும் என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

எது செதுக்கு வேலை?

மூன்று வேலைகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது நகாசு வேலை. தகட்டை அரக்கின் மீது பதித்து, முனை மழுங்கிய உளிகளால் தட்டி, உலோகத்தைத் தள்ளி மேடு பள்ளமாக்குவது. தஞ்சாவூர்க் கலைத்தட்டில் காணும் தெய்வ உருவங்கள் இப்படித் தட்டி எழுப்பப்பட்டவை. இதில் உலோகம் குறைவதில்லை.

இரண்டாவது செதுக்கு வேலை. கிரேவர் எனப்படும் கூரிய செதுக்குளியை உள்ளங்கையால் தள்ளினால், உலோகம் மெல்லிய சுருளாக வெட்டுப்பட்டு வெளியே வரும். ஆழமாகத் தள்ளினால் கோடு அகலும். இலேசாகத் தள்ளினால் முடிபோல் மெலியும். உளியைச் சற்றுச் சாய்த்தால் வெட்டின் ஒரு பக்கம் ஒளியை வாங்கி மின்னும்.

மூன்றாவது லேசர் இயந்திரம். ஒரே பெயரை நூறு பரிசுப் பொருள்களில் போட அதுவே ஏற்றது. அதனோடு வேகத்தில் போட்டியிட வேண்டாம். ஒரே கோட்டுக்குள் தடிமனும் மெலிவும் மினுக்கமும் கொண்டுவருவதில்தான் கையின் மதிப்பு இருக்கிறது.

தொழிலாளிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?

லேத்தில் நின்றவருக்கு உலோகத்தின் குணம் தெரியும். எந்தக் கோணத்தில் வெட்டினால் பிசிறு வரும், எப்போது முனை மழுங்கிவிட்டது என்பதைக் கை உணர்ந்துவிடும். புதிதாக வருபவர் பல மாதம் திணறும் இடம் இது. அவருக்குத் தெரியாதது ஓவியம். ஆகவே உளி வாங்கும் முன் பென்சில் வாங்குங்கள். கொடி, இலை, எழுத்து என்று தினமும் வரையுங்கள். தாளில் தடுமாறும் கோடு தகட்டிலும் தடுமாறும்.

தொழில் செய்த கை கலைக்கு மாறுவது புதிதல்ல. 1471-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பிறந்த ஆல்பிரெக்ட் டியூரர் பொற்கொல்லரின் மகன். தந்தையின் பட்டறையில்தான் முதலில் தொழில் கற்றார். அந்த உளியைச் செப்புத் தகட்டின் பக்கம் திருப்பி, 1513, 1514 ஆண்டுகளில் அவர் செதுக்கி அச்சிட்ட படங்களை உலகம் இன்றும் வியந்து பார்க்கிறது.

எப்படித் தொடங்குவது?

ஓரிரு செதுக்குளிகள், தீட்டுக்கல், உருப்பெருக்கிக் கண்ணாடி, நல்ல விளக்கு, தோலால் தைத்த மணல் பை அல்லது சுழலும் பிடிப்பான், சில செம்பு, பித்தளைத் துண்டுகள். தொடக்கத்துக்கு இவை போதும். எவர்சில்வர் கடினமானது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பாடம் தீட்டுவது. உளியின் முகத்தை ஏறத்தாழ 45 பாகையில் தீட்டுவார்கள். கூர்மை சரியா என்று பார்க்க முனையைக் கட்டைவிரல் நகத்தின் மீது இலேசாக வையுங்கள். வழுக்கினால் மீண்டும் தீட்டுங்கள். நகத்தில் பிடித்துக்கொண்டால் சரி.

தகட்டில் வெள்ளை வண்ணத்தை மெல்லியதாகப் பூசி, பென்சிலால் வரைந்து, பிறகு வெட்டுங்கள். முதலில் நேர்க்கோடுகள், அடுத்து வளைவுகள், அதன்பின் எழுத்துகள். வளைவில் ஒரு நுட்பம் உண்டு: உளி பிடித்த கை அதிகம் திரும்பாது, மற்றக் கை தகட்டைச் சுழற்றிக் கொடுக்கும். உளி வழுக்கும் திசையில் விரலை வைக்காதீர்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம்.

நம் எழுத்தை யார் வெட்டுவது?

தமிழர்க்கு இது அந்நியக் கலை அல்ல. கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். அந்தச் செய்தியைத் தாங்கிய 21 செப்பேடுகள், நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனதால் லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. கடாரம் என்பது நம் கெடா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணின் பெயரைத் தமிழ் எழுத்தில் செம்பில் வெட்டியதும் ஒரு தொழிலாளியின் கைதான்.

இன்று நிலைமை என்ன? பொற்கொல்லர் தொழிலுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வேண்டும் என்ற கோரிக்கை 2023-இல் நாடெங்கும் பேசப்பட்டது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நகைக்கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் குறைவில்லை. குறைவது உளி பிடிக்கும் நம் பிள்ளைகளின் கை.

பார்த்துக் கற்க இடங்கள் உண்டு. ரவாங்கில் உள்ள தேசியக் கைவினைக் கழகத்தில் உலோகக் கைவினையும் ஒரு பாடம். கோலாலம்பூர் கோன்லே சாலையில் கைவினை வளாகம் இருக்கிறது. 1885-இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நிறுவனத்தின் செத்தாப்பாக் தொழிற்கூடத்தில் ஈயக்கலவைப் பொருள்கள் உருவாவதைக் காணலாம். பழைய பொற்கொல்லர் யாராவது அருகில் இருந்தால் அவரிடம் மரியாதையோடு போய் உட்காருங்கள். நூல் சொல்லாததை அவர் கை சொல்லும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதை நம்பி மாதச் சம்பளத்தை உடனே விட்டுவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு மாலைகள் ஒதுக்குங்கள். முதலில் வீட்டுக் குத்துவிளக்கு, பிறகு நண்பரின் மோதிரம் என்று வளருங்கள். உங்கள் பித்தளைத் துண்டுகளே இனி போதும் என்று சொல்லும்வரை பிறர் தங்கத்தில் உளி வைக்காதீர்கள். வருமானம் மெதுவாகத்தான் வரும், வராமலும் போகலாம்.

ஆனால் பட்டறையில் நீங்கள் செய்த ஆயிரம் உதிரிப் பாகங்களில் எதிலும் உங்கள் அடையாளம் இல்லை. மகளின் திருமணச் சீர்த்தட்டில் அவள் பெயரை நீங்களே தமிழில் வெட்டிக் கொடுத்தால், அது பேரப்பிள்ளைகள் வீட்டிலும் இருக்கும். அந்த ஒரு தட்டுக்காகவாவது இன்று ஒரு பென்சிலை எடுங்கள்.