பாதயாத்திரையில் குறைந்த எடை ஏன் திரும்பி வருகிறது?

தைப்பூசத்தையொட்டிக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்து செல்லும் வழக்கம் நம் செட்டிநாட்டுப் பகுதியில் பல தலைமுறைகளாக உள்ளது. நகரத்தார் காவடிகளுடன் எல்லாச் சமூகத்தினரும் நடக்கின்றனர். இதற்காக முன்கூட்டியே மாலையணிந்து, மதுவையும் புலாலையும் விலக்கி, அதிகாலையில் நடந்து பழகுவோர் பலர். திரும்பி வந்ததும், "மூன்று கிலோ குறைந்துவிட்டேன், டாக்டர்" என்று எங்கள் புறநோயாளர் பிரிவில் மகிழ்ச்சியோடு சொல்பவர்கள் உண்டு. சித்திரை பிறக்கும்போது அந்த மூன்று கிலோவும் திரும்பியிருக்கும். "நடையை நான் விடவில்லையே!" என்பார்கள். பேசிப் பார்த்தால், மாலையைக் கழற்றியதும் மதுவும் திரும்பியிருப்பது தெரியவரும்.

உண்மையில் கரைந்த கொழுப்பு எவ்வளவு?

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறத்தாழ 50 கலோரி செலவாகிறது. பழநி வரை சுமார் 150 கிலோமீட்டர் என்று கொண்டால், மொத்தச் செலவு 7,500 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியிருப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. அதாவது, உணவு மிகாமல் இருந்தால் முழு யாத்திரையிலும் கரைவது ஒரு கிலோ கொழுப்பு. மீதிக் குறைவு பெரும்பாலும் நீரும், தசைகளில் சேமிக்கப்பட்டிருந்த சர்க்கரையுமே. அவை சில நாட்களில் மீண்டும் நிரம்பிவிடும்.

இனி மறுபக்கக் கணக்கு. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. ஒரு கிராமுக்கு 7 கலோரி வீதம் 420 கலோரிக்கு மேல் ஆகிறது. அதை ஈடுகட்ட எட்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வாரத்திற்கு இரண்டு குவார்ட்டர் என்றால், பழநிப் பயணம் முழுவதும் செலவழித்த கலோரி ஒன்பதே வாரங்களில் திரும்பிவிடும். உடன் உண்ணும் பரோட்டாவும் சுக்காவும் இதில் சேரவில்லை.

மதுவை உடல் எவ்வாறு கையாளுகிறது?

மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடல் சேமித்து வைக்கும். ஆல்கஹாலைச் சேமிக்க இயலாது. அது நச்சுப் பொருள் என்பதால் கல்லீரல் அதை முதலில் அப்புறப்படுத்த முனைகிறது. அப்போது உண்டாகும் அசிட்டேட் இரத்தத்தில் கலந்து எரிபொருளாகிறது. அது எரியும்வரை கொழுப்பு எரிவது வெகுவாகக் குறைகிறது. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெறும் 24 கிராம் ஆல்கஹால் அருந்திய ஆடவர்களின் உடலில் கொழுப்பு எரிதல் 73 விழுக்காடு குறைந்தது. அருந்திய ஆல்கஹாலில் கொழுப்பாக மாறியது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே மது நேரடியாகத் தொப்பையாவதில்லை. அது எரியும் நேரத்தில் உணவிலுள்ள கொழுப்பு செலவாகாமல் வயிற்றிலும் கல்லீரலிலும் தங்குகிறது. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலையே நீக்க வல்லது. ஒரு குவார்ட்டருக்கு ஆறு மணி நேரத்திற்கும் மேலாகும்.

இரவில் அருந்திவிட்டு அதிகாலையில் நடப்பவருக்கு வேறு இழப்புகளும் உண்டு. சிறுநீர் மிகுந்து நீர்ச்சத்து குறைகிறது, உறக்கம் கெடுகிறது, பயிற்சிக்குப் பின் தசைகள் தம்மைச் சீரமைத்துக்கொள்வதும் மந்தமாகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்திற்கு

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மது அருந்திய பின் நெடுநேரம் நடந்தால், சில மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். தள்ளாட்டத்தையும் குழறலையும் போதை என்று எண்ணி உறவினர் உறங்க விட்டுவிடுவதே பெரும் ஆபத்து. உடனே சர்க்கரை அளவைச் சோதியுங்கள். விழித்திருந்தால் இனிப்பு கொடுங்கள். நினைவின்றி இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

மாலை அணியும் முன்

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் விரதத்திற்காகத் திடீரென நிறுத்தும்போது, முதல் இரண்டு நாட்களுக்குள் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, வலிப்பு ஆகியவை தோன்றலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் வரலாம். இதைத் தெய்வக் குற்றம் என்றோ வெறும் சோர்வு என்றோ கருதிக் காத்திருக்க வேண்டாம். இது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை. அத்தகையோர் மாலையணிவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். உரிய மருந்துகளுடன் பாதுகாப்பாக நிறுத்த முடியும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• எடையை மட்டும் பாராமல் இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. மிகாதிருத்தல் நலம்.
• கால்வலிக்கு எந்த மாத்திரையையும் மதுவோடு சேர்த்து உட்கொள்ளாதீர்கள்.
• கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்கள் மதுவை முற்றிலும் விலக்குங்கள். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவுபடுத்தியுள்ளது.
• குடியை நிறுத்த உதவி தேவையெனில் 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

விரத நாட்களில் மதுவின்றி இருக்க முடிந்ததே, உங்களால் இயலும் என்பதற்குச் சான்று. மாலையைக் கழற்றும் நாளில் அந்தக் கட்டுப்பாட்டையும் கழற்றி வைக்காதிருக்க வேண்டுகிறோம். அதற்குத் துணைநிற்க நாங்கள் இருக்கிறோம்.