மாலை நேரம் யாருடையது?

களுவாஞ்சிக்குடிப் பாடசாலையொன்றில் நடந்த போதை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மருதமுனையிலிருந்து சில மைல் தூரம்தான். ஐஸ், ஹெரோயின், போதைக் குளிசை எல்லாவற்றின் கேடும் படம்போட்டுக் காட்டப்பட்டது. உறுதிமொழியும் எடுத்தோம். வெளியே வரும்போது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், நாலரைக்கு ரியூசன் முடிஞ்சா ராவு எட்டு மணி மட்டும் நாங்க எங்க போற?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

சட்டம் நம் நாட்டில் இல்லாமலில்லை. 21 வயதுக்குட்பட்டோருக்கு சிகரட்டும் மதுவும் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது 2022ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால் சட்டம் பிடிபட்ட பிறகு வருவது. வியாபாரியோ நாலரை மணிக்கே வந்துவிடுகிறான். அவன் ஊர் பார்ப்பதுமில்லை, மதம் பார்ப்பதுமில்லை.

ஐஸ்லாந்து இந்த வெற்று நேரத்தைத்தான் முதலில் கவனித்தது. அங்கே 15, 16 வயதினரில், முந்திய ஒரு மாதத்துக்குள் வெறிக்கும்படி குடித்திருந்தோர் 1998இல் 100க்கு 42 பேர்; 2016இல் 5 பேர். தினமும் புகைத்தோர் 23இலிருந்து 3 ஆகினர். பயமுறுத்தும் பேச்சை நம்பாமல், விளையாட்டு, இசை, கலை வகுப்புகளுக்கு அரச பணம் கொடுத்தார்கள். பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருக்கும்படி பெற்றோரைக் கேட்டார்கள். இரவில் சிறுவர் வெளியே நிற்கும் நேரத்துக்கும் எல்லை வைத்தார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. மதுவிலக்கு ஒரே நாளில் இறங்கவில்லை; படிப்படியாக, மதீனாவில் வந்தது. அதற்கு முன்பே, மக்காவில், ஐவேளைத் தொழுகை கடமையாகிவிட்டது. நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்த பிறகே தடை வந்தது. நாம் தடையை மட்டும் மிம்பரில் சொல்லிவிட்டு ஒழுங்கை மறந்துவிட்டோம்.

ஏற்கெனவே விழுந்தவர்களை என்ன செய்வது? என் பழைய மாணவன் ஒருவனின் உம்மா ஒருநாள் இருட்டியபின் வந்தார். "ஊருக்குத் தெரியப்படா சேர்" என்று அழுதார். அந்த மறைப்பிலேயே ஒரு வருடம் போயிருந்தது. அதற்குள் அவன் படிப்பும் போய்விட்டது. போதைக்கு அடிமையானவன் நோயாளி. காய்ச்சலுக்கு வைத்தியசாலை போகும் நாம் இதற்கு மட்டும் கதவைச் சாத்துகிறோம். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தை அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். தயங்க வேண்டாம்.

எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் நான் கேட்டிருப்பது பெரிய காரியமல்ல. அஸரிலிருந்து இஷா வரை மைதானம் திறந்திருக்க வேண்டும். இரண்டு மின்விளக்கு வேண்டும். முறைவைத்து இரண்டு பெரியவர்கள் அங்கே நிற்க வேண்டும். வராத பிள்ளையை மறுநாள் வீடு தேடிப்போய், ஏசாமல் விசாரிக்க வேண்டும். களுவாஞ்சிக்குடியில் கோயிலும் விளையாட்டுக் கழகமும் இதையே செய்தால், இரண்டு ஊர்ப் பொடியன்களும் ஒரே மைதானத்தில் பந்தடிக்கலாம்.

அந்த மாணவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. விளக்கு எரியட்டும், போய்ச் சொல்கிறேன்.